அவிழ்த்த வண்டிக்கும் முட்டுக்கட்டை வேண்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளிலே புதிதாகப் பிரயாணஞ் செய்யும் எம்மவர் எவரையும் திடுக்கிட வைக்கும் காட்சி ஒன்று உண்டு. பெரிய பஸ் வண்டி போன்றதோர் ஊர்தி முன்னே செல்லும். அதன் முதுகுக்குச் சில அடி பின்னால் ஜீப் வண்டி ஒன்று, தன் நான்கு சில்லுகளும் நிலத்திலே உருள, ஓடி வரும். முன்னது திரும்பினால் பின்னதும் திரும்பும். முன்னது வேகந் தணிந்தால் பின்னதன் சிவப்பு விளக்குகளும் எரியும். ஆயினும் அந்த ஜீப்பினுள்ளே சாரதியும் இல்லை, வேறெவரும் இல்லை.

பழுதுபட்ட காரை லொறியிலே கட்டி இழுப்பது எமது நாட்டிற்கும் புதிதன்று. ஆனால் நாம் கயிற்றினாற் கட்டி இழுக்கும்போது பின்வண்டியிலே ஒருவர் அமர்ந்து சுக்கானைப் பிடிக்கவும் பிறேக்கை மிதிக்கவும் வேண்டும். கயிறு இழுக்க வல்லதேயன்றித் தடுக்க வல்லதன்று. முன்வண்டி திடீரென நின்றால் பின்வண்டி போய் முட்டும். அமெரிக்கரோ பழுதெதுவுமில்லாத நல்ல வண்டியை, ஆள் எவருமின்றி, ஆயிரக்கணக்கான மைல் தூரம் இழுத்துச் செல்கின்றனர். இதற்காக அந்த வண்டியை ஆயத்தஞ் செய்யும் முறை நுட்பமானது, அறிந்துகொள்ளத் தக்கது. அதிலே எமக்கும் பயன்படக் கூடிய எச்சரிக்கை ஒன்று அடங்கியிருத்தலின், இவ்வாரம் அதனை எடுத்துக்கொள்வோம்.

கப்பலும் வள்ளமும்

முன்னே செல்லும் அந்தப் பெரிய ஊர்திக்கு மோட்டார் இல்லம் என்று பெயர். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளிக்கும் அறை யாவும் அதனுள்ளேயே உண்டு. அயோவா மாநிலத்துப் பொரஸ்ட் சிற்றி என்னும் சிறிய ஊரிலே வின்னபாகோ நிறுவனத்தார் 1966 ஆம் ஆண்டில் இத்தகைய இல்லங்களைத் தொழிற்சாலை முறையிலே செய்யத் தொடங்கிய பின்னர், நடுத்தரக் குடும்பத்தினரும் அவற்றை வாங்கலாயினர். உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய முதியவர் பலர், வாழ்நாளிலே எஞ்சியதைத் தேசத்தைச் சுற்றிப் பார்ப்பதிற் கழிக்கின்றனர். வடக்கே பனி பெய்யத் தொடங்கியதும் தெற்கே இறங்கி, அரிசோனாவின் பாலைநிலத்துக் குவாட்ஸைற் போன்ற ஊர்களிலே குளிர்காலம் முழுவதும் தங்குவர். அவ்வூரை அடுத்த அரசாங்க நிலத்திலே செப்டம்பர் 15 முதல் ஏப்ரில் 15 வரை நெடுங்காலந் தங்குவதற்கு அனுமதியும் உண்டு. கனடாவிலிருந்தும் பலர் இவ்வாறு வருவர்.

முப்பது அடி முதல் நாற்பது அடிவரை நீளமுள்ள அந்த இல்லத்தை ஓரிடத்தில் நிறுத்திய பின், கடைக்குப் போய்ப் பால் வாங்க வேண்டுமாயின் என்ன செய்வது? நீர்க்குழாயையும் கழிவுக்குழாயையும் மின்சாரக் கம்பியையும் கழற்றி, வீடு முழுவதையும் கட்டிக்கொண்டு புறப்படல் வேண்டும். சில வீதிகளிலோ அதனைக் கொண்டுசெல்லவே இயலாது. மொன்ரானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவிலே, மலைச் சரிவைக் குடைந்து அமைத்து 1933 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட ‘கோயிங் ரு த சன்’ என்னும் புகழ் பெற்ற வீதி உண்டு. அதன் உயர்ந்த பகுதியிலே 21 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஊர்திகள் செல்லுதல் கூடாது என்பது சட்டம். மலையின் அழகைக் காண்பதற்கென்றே நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவர், சிறிய வண்டி ஒன்று உடனில்லாவிடின், மலையடிவாரத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே, பெரிய கப்பல் தன்னோடு சிறிய வள்ளத்தையுங் கொண்டு செல்வது போல, மோட்டார் இல்லமும் ஒரு சிறு வண்டியைக் கொண்டு செல்கின்றது. கப்பலின் வள்ளத்துக்குரிய ‘டிங்கி’ என்னும் பெயராலேயே அவ்வண்டியையும் வழங்குவர். வேறு சிலர் விளையாட்டாகத் ‘தேரை’ என்பர். ஆங்கிலத்திலே ‘இழுக்கப்பட்டது’ என்னும் பொருள் தரும் சொல்லும், தேரையைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையனவாதலே இந்தப் பகிடிக்குக் காரணம்.

வண்டி முழுவதையும் ட்றெயிலரில் ஏற்றிச் செல்லலாம். முன்சில்லுகள் இரண்டை மட்டும் ஒரு சிறிய உருளியின் மீது தூக்கிவைத்துங் கொண்டு செல்லலாம். இவற்றுள் முதலாவது பாரங் கூடியது. இரண்டாவது, நான்கு சில்லுகளுக்கும் இயக்கமுள்ள வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒவ்வாதது. அன்றியும், தங்குமிடத்தை அடைந்த பின்னர் வெறும் ட்றெயிலரை எங்கே நிறுத்துவது என்பது வேறொரு தொல்லை. நான்கு சில்லுகளும் நிலத்திலே உருள இழுப்பதே, ஆயத்தங்கள் முடிந்தபின், எல்லாவற்றிலும் எளிதானது. ஆனால் எல்லா வண்டிகளும் அதற்கு இசைய மாட்டா.

அவிழ்க்காத எருதுகள்

மாட்டு வண்டி ஒன்றை வேறொரு வண்டியின் பின்னாற் கட்டி இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பின்வண்டியின் நுகத்திலே எருதுகள் பூட்டியபடியே நின்றால் அவை என்ன பாடுபடும்? தம் வேகத்துக்கு மிஞ்சி ஓட மாட்டாமல் இடறி விழுந்து இழுபட்டுச் சாகும். வண்டியை இழுப்பதற்கு முன் எருதுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பது சிறு பிள்ளைக்குந் தெரிந்த விஷயம்.

மோட்டார் வண்டியிலே எருதுகளின் இடத்தில் இருப்பவை எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஆகும். எஞ்சின் பிறப்பிக்கும் சுழற்சி, கியர்ப் பெட்டி வழியாகச் சில்லுகளுக்குச் செல்கின்றது. வண்டியை வேறொன்று இழுக்கும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகின்றது. சில்லுகள் சுழன்று கியர்ப் பெட்டியின் உறுப்புக்களைச் சுழற்றுகின்றன. இங்கேதான் ஆபத்து இருக்கின்றது. தானியங்கிக் கியர்ப் பெட்டியினுள் எண்ணெயைச் செலுத்தும் பம்பி பொதுவாக எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வது. எஞ்சின் நின்றுவிட்டால் எண்ணெயும் நின்றுவிடும். எண்ணெயின்றி உலோகத்தோடு உலோகம் மணிக்கணக்காக உராயுமாயின், பெட்டி வெந்து கரிந்து பயனற்றதாகும். அதனைப் புதுப்பிக்கும் செலவு ஆயிரக்கணக்கான டொலராகும். முன்னே அமர்ந்து ஓட்டுபவருக்கோ இதன் ஓசை கேளாது, மணமும் எட்டாது. ஊர் போய்ச் சேர்ந்து சிறு வண்டியை இயக்கும்போதே உண்மை வெளிப்படும்.

‘கியரை நியூட்றலில் வைத்தாற் போதாதா?’ என வாசகர்கள் கேட்கலாம். போதாது. கியர்ப் பெட்டியை நியூட்றலில் வைத்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பே அறுகின்றது; பெட்டியின் பின்தண்டு சில்லுகளோடு சேர்ந்து சுழன்றுகொண்டேயிருக்கும். ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டு மற்றக் கயிற்றை அவிழ்க்காமல் விட்டது போன்றது அது.

மெய்யான நியூட்றல்

இவ்விடத்திலேதான் நாற்சில்லு இயக்கமுள்ள பழைய முறை ஜீப்பின் சிறப்பு விளங்குகின்றது. 1941 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்துக்கென வில்லிஸ் நிறுவனத்தார் செய்யத் தொடங்கிய ஜீப்பிலே மூன்று நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று வழக்கமான கியருக்குரியது. மற்றை இரண்டும், கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள இன்னொரு பெட்டிக்கு உரியன. அதனை ‘ட்ரான்ஸ்பர்’ பெட்டி என்பர். கியர்ப் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பதே அதன் தொழில். அந்த வமிசத்திலே 1986 ஆம் ஆண்டு பிறந்த ‘ரேங்லர்’ என்னும் ஜீப்பிலும் அப்பெட்டி நிலைபெற்றது. வழக்கமான ஒழுங்கிலே அதன் நெம்புகோல் அருகே நான்கு நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். இரு சில்லு இயக்கத்துக்கு ‘2 எச்’. நாற்சில்லு இயக்கத்துக்கு ‘4 எச்’. மெதுவாகவும் வலுவாகவும் ஏறுவதற்கு ‘4 எல்’. இப்பின் இரண்டிற்கும் நடுவே ‘என்’.

இந்த ‘என்’ என்னும் நிலையே நாம் தேடும் மெய்யான நியூட்றல். நெம்புகோலை அங்கே வைத்தவுடன் முன் அச்சு, பின் அச்சு இரண்டுமே கியர்ப் பெட்டியினின்றும் முற்றாகப் பிரிந்துவிடும். சில்லுகள் ஆயிரம் மைல் உருண்டாலும் கியர்ப் பெட்டி அசையாது. எருதுகள் இரண்டும் அவிழ்ந்து மர நிழலிலே படுத்துவிட்டன என்க. ட்ரான்ஸ்பர் பெட்டிக்கு எண்ணெய் வேண்டாமா எனின், இத்தகைய ஜீப் வண்டிகளின் பெட்டியிலே எண்ணெய்ப் பம்பியைப் பின்னச்சுக்குச் செல்லும் தண்டே சுழற்றுகின்றது. வண்டி முன்னோக்கி உருளும்வரை அதற்கு எண்ணெய் ஓடிக்கொண்டேயிருக்கும்.

இதன்பின் ஜீப்பின் கைந்நூல் கூறும் விதி, முதலிற் கேட்போருக்கு வியப்பைத் தரும். ட்ரான்ஸ்பர் பெட்டியை ‘என்’ நிலையில் வைத்தபின், தானியங்கிக் கியராயின் ‘பார்க்’ என்னும் நிலையிலும், கையாற் போடும் கியராயின் ஏதேனும் ஒரு கியரிலும் வைக்க வேண்டுமாம்! பூட்டிய கியரோடு வண்டியை இழுப்பதா என மலைக்க வேண்டாம். கியர்ப் பெட்டி தொடர்பற்றுத் தனியே நிற்கின்றது. அது சற்றேனும் சுழலாதிருக்கும் பொருட்டே அவ்வாறு கட்டிவைக்கின்றனர்.

ஆனால் நாற்சில்லு இயக்கம் என்ற பெயர் இருப்பதனால் மட்டும் ஒரு வண்டி இழுபடத் தக்கதாகிவிடாது. நான்கு சில்லுகளையும் எப்பொழுதும் இயக்கும் நவீன வண்டிகள் பலவற்றிலே இந்த ‘என்’ நிலையே இல்லை. 2014 முதல் 2023 வரையான ஜீப் செரோக்கி வண்டிகளுள், வலுக்கூடிய தாழ் கியரும் நியூட்றலும் உடையனவே இழுக்கத் தக்கவை. அதே பெயரும் அதே உருவமும் உடைய மற்றையவை தகாதவை. ஹொண்டா சீ. ஆர். வீ. என்னும் வண்டியை 2014 ஆம் ஆண்டு மாதிரிவரை பலர் இவ்வாறு இழுத்துச் சென்றனர். மறு ஆண்டு மாதிரியில் கியர்ப் பெட்டியின் வகையை மாற்றியதும் அந்த வசதி ஒழிந்தது. ஆகவே அயலவர் சொல்லையோ விற்பவர் சொல்லையோ நம்பாது, அந்தந்த ஆண்டு வண்டிக்குரிய கைந்நூலைப் படித்தல் வேண்டும். எத்தனை மைல் வேகத்துக்கு மேற்படலாகாது, எத்தனை மணிக்கு ஒரு முறை எஞ்சினை இயக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் சில வண்டிகளுக்கு உண்டு.

பூட்டும் வகை

அவிழ்ப்பது இவ்வாறாகப் பூட்டுவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். முதலாவதாக, ஜீப்பின் முன் பம்பருக்குப் பின்னால், அடிச்சட்டகத்தோடு சேர்த்து உறுதியான இரும்புத் தகடு ஒன்றை ஆணிகளால் முடுக்குவர். பம்பரிலேயே கொளுவுதல் கூடாது. முழு வண்டியின் பாரத்தையுந் தாங்க வல்லது சட்டகமே. அத்தகட்டின் இரு காதுகளிலும் இழுவைத் தண்டின் இரு கரங்கள் பொருந்தும். கரங்கள் இரண்டும் ஒன்றுகூடும் முனை, மோட்டார் இல்லத்தின் பின்னாலுள்ள கொளுவியிலே நுழையும். மேலிருந்து பார்த்தால் முக்கோணமாகத் தோன்றும் இவ்வமைப்பே இழுப்பது, தடுப்பது, திருப்புவது ஆகிய மூன்று தொழிலையும் செய்கின்றது. பூட்டும்போது நீண்டும் குறுகியும் இசைந்து கொடுக்கும் கரங்கள், முன்வண்டி சில அடி நகர்ந்ததும் முழுநீளத்துக்கு விரிந்து இறுகிவிடும்.

அத்தண்டு தரைக்குச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும். இரு முனைகளுக்கும் இடையே மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் உயர வேறுபாடு இருந்தால், பிறேக் பிடிக்கும்போது ஒன்று மற்றதன் மேல் ஏறவோ கீழ் நுழையவோ முயலும். காட்டுப் பாதைக்கென ஜீப்பை உயர்த்திப் பெரிய ரயர் பூட்டியோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது எமது பழமொழி. இழுவைத் தண்டின் அச்சாணிகள் விரலளவினவே. அவை கழன்று விழாதபடி தடுக்கும் கொளுக்கிகளோ இன்னும் சிறியன. ஆயினும் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு இறாத்தல் பாரமுள்ள வண்டியை அவையே பிடித்து நிற்கின்றன. ஒருவேளை அவை தவறினால் உதவுவதற்காக இரு சங்கிலிகளைத் தண்டின் கீழே குறுக்குமறுக்காக மாட்டுவர். தண்டு கழன்று விழுந்தாலும், அது நிலத்திலே குத்தாமல் அந்தச் சங்கிலிகளின் தொட்டிலிலே தங்கும். வளைவுகளில் இறுகாதபடி அவற்றுக்குப் போதிய தளர்ச்சியும் விடல் வேண்டும்.

அடுத்தது விளக்கு. முன்வண்டி திரும்புவதும் நிற்பதும் பின்னே வருவோருக்குத் தெரிய வேண்டுமாதலின், மோட்டார் இல்லத்தின் மின்கம்பியை ஜீப்பின் பின்விளக்குகளுக்குத் தொடுப்பர். இரு வண்டிகளின் மின்சாரமும் ஒன்றினுள் ஒன்று புகுந்து கேடு விளைவிக்காதபடி டயோட் என்னும் சிறு உறுப்புக்களை இடையிலே வைப்பர். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு போன்றவை அவை. சுக்கான் பூட்டுள்ள வண்டியாயின் அதனைத் திறந்துவிடல் வேண்டும். இன்றேல் முன்சில்லுகள் திரும்பாமல் ரயர்கள் தேய்ந்து கிழியும். சுக்கானைத் திறந்துவைக்கச் சாவியை அரைத் திருப்பத்தில் விடவேண்டிய வண்டிகளிலே பற்றறி மெல்ல மெல்ல வற்றும். அதனைத் தவிர்க்க, முன்வண்டியினின்று மின்னேற்றும் கம்பி ஒன்றையும் இழுத்து வைப்பர்.

பூட்டிய வண்டியைப் பின்னோக்கித் தள்ளுதல் கூடாது. பின்னே தள்ளும்போது ஜீப்பின் முன்சில்லுகள் ஒரு பக்கமாக முறுகித் திரும்பித் தண்டை வளைத்துவிடும். எனவே பெற்றோல் நிலையத்தின் முடுக்கு ஒன்றிலே நுழைந்து அகப்பட்டவர், நடுவீதியானாலும் இறங்கி வண்டியைக் கழற்றியே ஆக வேண்டும். நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்வது அவர்களுடைய நீங்காத வழக்கமாயிற்று.

நிறுத்தும் வகை

கோயில் தேரை வடம் பிடித்து இழுப்போர் நூற்றுவர். நிறுத்துவோரோ, சில்லின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து செல்லும் இருவர் மூவர். தேரின் பாரத்தை நன்கறிந்தோர் அவர்களே. மோட்டார் இல்லத்தின் பிறேக் அதன் சொந்தப் பாரத்துக்கென அளவிட்டு அமைக்கப்பட்டது. பின்னாலே இன்னொரு வண்டி தள்ளிக்கொண்டு வருமாயின், நிற்கவேண்டிய தூரம் நீளும். டென்வர் நகருக்கு மேற்கே, பதினோராயிரம் அடிக்கு மேல் உயரத்திலே, ஐசன்ஹோவர் சுரங்கவழி உண்டு. அதனைக் கடந்து இறங்கும் நீண்ட சரிவிலே அந்தத் தள்ளலை உணராதார் இலர்.

ஆதலின், இழுபடும் வண்டியும் தானே பிறேக் பிடிக்கும் ஏற்பாடு வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலே மூவாயிரம் இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தை இழுப்போர் இதனைச் செய்தல் வேண்டும் எனச் சட்டமும் உண்டு. முன்வண்டி வேகந் தணிவதை உணர்ந்து, ஜீப்பின் பிறேக் மிதியை மனிதக் கால் போல அழுத்தும் பெட்டி ஒன்றைச் சாரதியின் ஆசனத்துக்கு முன் வைப்பது ஒரு முறை. காற்றழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ இயங்குவதை நிரந்தரமாகப் பொருத்துவது வேறொரு முறை. இவற்றோடு, வண்டிகள் இரண்டும் பிரிய நேர்ந்தால் இழுபட்டுக் கழன்று ஜீப்பின் பிறேக்கை உடனே அழுத்தச் செய்யும் மெல்லிய கம்பி ஒன்றும் உண்டு. தேரின் முட்டுக்கட்டைக்காரர் போல, அவர் தொழில் தேவைப்படும் நாளிலேயே அவர் அருமை தெரியும்.

பின்வண்டியிலே ஆள் இல்லாமை இன்னொரு வகையிலும் கவலை தருவது. முன் அச்சு ஒரே தண்டாக அமைந்த ஜீப் வண்டிகளிலே, சுக்கானின் மூட்டுக்கள் தேய்ந்திருந்தால் முன்சில்லுகள் வெறி கொண்டாற்போல் அதிர்வதுண்டு. அமெரிக்கர் அதனை ‘மரண நடுக்கம்’ என்பர். உள்ளே சாரதி இருந்தால் உடனே வேகத்தைத் தணிப்பார். ஆளற்ற வண்டியிலே யார் அறிவார்? ரயர் ஒன்று காற்றுப் போய்க் கிழிந்தாலும் முன்னே இருப்பவருக்குத் தெரியாது. ஆகையால் பின்னே பார்க்கும் கமெராவும், ரயரின் காற்றழுத்தத்தை அறிவிக்கும் கருவியும் இவர்களுக்கு ஆடம்பரமல்ல. புறப்படும் முன் மூட்டுக்களையும் ரயர்களையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே நன்று.

மறதியின் இரு முகம்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான விஷயத்துக்கு வருவோம். அவிழ்த்த வண்டியைப் பற்றி மாட்டு வண்டிக்காரர் நன்கறிந்த ஓர் உண்மை உண்டு. எருதுகள் பூட்டியிருக்கும்வரை வண்டி தானே ஓடாது. அவிழ்த்த பின்போ, சரிவிலே நின்றால், சில்லின் கீழே கல்லோ கட்டையோ வைத்தாக வேண்டும். ட்ரான்ஸ்பர் பெட்டியை ‘என்’ நிலையில் வைத்த ஜீப்பும் அத்தகையதே. கியர் நெம்புகோல் ‘பார்க்’ என்னும் நிலையிலே இருக்கும். அதனைக் கண்ணாற் காணும் மனிதர், வண்டி அசையாது என நம்பி இறங்கிவிடுவர். ஆனால் ‘பார்க்’ என்பது கியர்ப் பெட்டியைக் கட்டிய கட்டு. சில்லுகளுக்கு அதனோடு இப்பொழுது உறவே இல்லை. சிறிது சரிவிருந்தாலும் வண்டி உருண்டு ஓடும். முன்னே குனிந்து ஆணி மாட்டிக்கொண்டிருப்பவர் இரு வண்டிகளுக்கும் இடையே நசுங்குவார். கைப்பிறேக்கை முற்றாக இழுக்காமல் அந்நிலையில் வண்டியை விட்டு நீங்கினால் உயிர்ச்சேதம் நேரலாம் எனக் கைந்நூல்கள் எச்சரிப்பது இதன் பொருட்டே.

எனவே ஒழுங்கு இவ்வாறு அமைகின்றது. சமதரையிலே வண்டியை முற்றாக நிறுத்துக. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிறேக் மிதியை அழுத்தியபடி கியரை நியூட்றலுக்குக் கொணர்ந்து, ட்ரான்ஸ்பர் நெம்புகோலை ‘என்’ நிலைக்குத் தள்ளுக. பின்பு பின்னோக்கும் கியரைப் போட்டு, பிறேக்கினின்றும் காலை எடுத்து ஐந்து விநாடி பார்க்க; வண்டி அசையலாகாது. முன்னோக்கும் கியரிலும் அவ்வாறே சோதிக்க. இரண்டிலும் அசையாவிடின் அவிழ்த்தது மெய்யான அவிழ்ப்பு. அதன்பின் கைப்பிறேக்கை இறுக இழுத்து, கியரைக் கட்டி, எஞ்சினை நிறுத்தி இறங்கி, தண்டையும் சங்கிலியையும் மின்கம்பியையும் பூட்டுக. எல்லாம் பூட்டிய பிறகே கைப்பிறேக்கை விடுக.

இந்தக் கடைசி வாக்கியத்திலே மறதியின் இரண்டாம் முகம் இருக்கின்றது. போட மறந்தால் வண்டி உருண்டு ஆளைக் கொல்லும். விட மறந்தாலோ, பின்சில்லுகள் பிறேக்கோடு உராய்ந்து சிவக்கச் சூடேறி, ரயரும் வண்டியும் தீப்பற்றவுங் கூடும். ஒரே நெம்புகோல், கால் மணி நேரத்துள், உயிரைக் காப்பதாயும் உடைமையை அழிப்பதாயும் மாறுகின்றது. அதனை எப்பொழுது போடுவது, எப்பொழுது விடுவது என்ற ஒழுங்கே இங்கு எல்லாம்.

அநுபவமுள்ளோர் இதற்கென ஒரு வழக்கம் வைத்திருக்கின்றனர். செய்ய வேண்டியவற்றை ஒரு தாளிலே வரிசையாக எழுதி வைத்து, கணவர் பூட்டினால் மனைவியும், மனைவி பூட்டினால் கணவரும், வேறொருவரோடும் பேசாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பர். பூட்டும் வேளையிலே அயலில் நிற்போர் வந்து கதை கொடுத்தால், முதலிலிருந்தே மீண்டுஞ் சோதிப்பர். பின்னர் ஒருவர் முன்வண்டியை மெதுவாகச் சில யார் தூரம் நகர்த்த, மற்றவர் வீதியோரத்தில் நின்று, கரங்கள் இறுகினவா, நான்கு சில்லுகளும் உருளுகின்றனவா, விளக்குகள் எரிகின்றனவா எனப் பார்ப்பர். கழற்றும்போதும் இதே நிதானம் வேண்டும். தண்டு பூட்டியிருக்கும்போதே கைப்பிறேக்கை இழுத்து, ட்ரான்ஸ்பர் பெட்டியை ‘என்’ நிலையினின்றும் மீட்டு, அதன் பின்னரே ஆணிகளை உருவுதல் வேண்டும். ஊர் வந்து சேர்ந்த களைப்பிலே இவ்வரிசையை மாற்றுவோருக்கே பெரும்பாலும் கேடு நேர்கின்றது.

எமக்குரிய பாடம்

எமது நாட்டிலே மோட்டார் இல்லங்கள் இல்லையே, இந்த ஆராய்ச்சி எதற்கு எனச் சில வாசகர்கள் எண்ணலாம். மோட்டார் இல்லம் இல்லாவிடினும் ட்ரான்ஸ்பர் பெட்டியுள்ள ஜீப்பும் லாண்ட் றோவரும் எமது மலைநாட்டுத் தோட்டங்களிலும் வன்னிக் காடுகளிலும் நெடுங்காலமாக ஓடுவன. அவற்றுள் நியூட்றல் நிலையுடைய பெட்டி எதுவாயினும், நெம்புகோல் நடுவிலே நின்றுவிட்டால், கியர் போட்டு நிறுத்திய வண்டியும் சரிவிலே உருளும். பின்னாசனத்திலே பிள்ளைகளை இருத்திவிட்டு இறங்குவோர் இதனை மறத்தலாகாது. கைப்பிறேக்கை இழுத்தபின், மலைச்சரிவாயின், சில்லுக்கு ஒரு கல்லும் வைப்பதிலே வெட்கம் ஒன்றுமில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் எம் உறவினர் இத்தகைய வண்டியை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ எண்ணினால், அவர்களுக்கும் இதனை ஒரு வரி எழுதிவிடலாம்.

பூட்டிய பூட்டு எவர் கண்ணுக்கும் தெரியும். இரும்புத் தண்டும் சங்கிலியும் வெளியே மின்னிக்கொண்டு நிற்கும். அவிழ்த்த அவிழ்ப்போ வண்டியின் வயிற்றுக்குள்ளே, எவர் கண்ணுக்கும் படாமல் இருக்கின்றது. அரைகுறையாக அவிழ்த்தது அவிழ்க்காததிலும் கேடானது. முற்றாக அவிழ்த்தது காவலின்றி விடத் தகாதது. குடும்பப் பொறுப்பை மக்களிடம் ஒப்புவித்து ஒதுங்கும் முதியவருக்கும் இது பொருந்தும் என நாம் எண்ணுவதுண்டு. விட்டோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே இழுபட்டுக்கொண்டிருப்பதும் துன்பம்; விட்டபின் கட்டுக்காவலின்றிச் சரிவிலே நிற்பதும் துன்பம். அவிழ்ப்போம், அவிழ்த்ததைச் சோதிப்போம், சில்லுக்குக் கட்டையும் வைப்போம்.